வன்னியின் மனம் கவர்ந்த காதல் கதைக்காரர் யார், தெரியுமா?

"காதல் கதை எழுதுற ஆக்களுக்குள்ள உங்களுக்கு ஆரைப் பிடிக்கும்?" இந்தக் கேள்வியைக் கிளிநொச்சிச் சந்தையில் கேட்டுப் பாருங்கள். வவுனியா பஸ் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். புதுக்குடியிருப்பில் தையல் மெஷினுக்கு முன்னால் இருக்கும் ஓர் அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். முதலில் ஒரு வெட்கச் சிரிப்பு வரும். பிறகு ஒரு பெயர் வரும். அந்தப் பெயரோடு ஒரு காலமே எழும்பி வரும்! ஷெல், பங்கர், இடப்பெயர்வு என்றே வெளியுலகம் அறிந்து வைத்திருக்கும் வன்னிக்குள் எத்தனை காதல் கதைகள் வாசிக்கப்பட்டன, எத்தனை எழுதப்பட்டன என்று தெரிந்தால் மலைத்துப்போவீர்கள்.

நடுத்தர வயதுப் பெண்களிடம் கேட்டால் அந்தப் பெயர் பெரும்பாலும் ரமணிசந்திரன். 1970இல் 'ஜோடிப் புறாக்கள்' என்ற முதல் நாவலோடு வந்தவர், அதற்குப் பிறகு எழுதிக் குவித்தவை 150க்கும் மேல்! தமிழில் மிக அதிகமாக விற்கும் எழுத்தாளர்களுள் ஒருவர். விமர்சகர்களின் பட்டியல்களில் அவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. நூலகங்களின் இரவல் பதிவேட்டில் தேடிப் பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் நிற்பார். கோபக்கார நாயகன், தன்மானமுள்ள நாயகி, நடுவே ஒரு தப்பபிப்பிராயம், முடிவில் கல்யாணம். முடிவு இதுதான் என்று முதல் பக்கத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டே வாசிப்பதில்தான் சுகம். நாளைக்கு எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாத ஒரு வாசகிக்கு, முடிவு நிச்சயம் நல்லதாக இருக்கும் என்று உறுதி தருகிற ஒரே பொருள் அந்தப் புத்தகம்தான். இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

அந்தப் புத்தகங்களை எந்த வெளிச்சத்தில் வாசித்தார்கள், தெரியுமா? 1990களில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும். பற்றரி கொண்டுவரத் தடை. அப்போது கண்டுபிடிக்கப்பட்டதுதான் ஜாம் போத்தல் விளக்கு! காலி ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊறக் கொஞ்சம் மண்ணெண்ணெய், நடுவே ஒரு திரி. லாம்பு குடிக்கும் எண்ணெயில் ஒரு துளிதான் இது குடிக்கும். பரீட்சைக்குப் படித்ததும் அந்த வெளிச்சத்தில்தான். பாடக் கொப்பிக்குள் மறைத்து வைத்துக் கதைப்புத்தகம் வாசித்ததும் அதே வெளிச்சத்தில்தான். "எண்ணெயை வீணாக்கிறாய், கதைப்புத்தகம் வாசிச்சு கெட்டுப்போகப் போறாய்" என்று பேசிய அம்மாவே, பிள்ளை நித்திரையானதும் அதே புத்தகத்தை எடுத்து விரித்த வீடுகள் எத்தனை!

ரமணிசந்திரனுக்கு முன்னால் அம்மம்மாக்களின் மனதை ஆண்டவர் லக்ஷ்மி. திரிபுரசுந்தரி என்பது இயற்பெயர், தொழிலால் மருத்துவர். வைத்தியம் படிக்கக் காசு முட்டுப்பட்டபோது இவர் என்ன செய்தார், தெரியுமா? ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.எஸ். வாசனிடம் போய், 'கதை எழுதித் தருகிறேன்' என்று வாய்ப்புக் கேட்டார்! கதை எழுதிய பணத்தில் டாக்டரானவர். 1955இல் கல்யாணம் முடித்துத் தென்னாபிரிக்கா போனார். நீண்ட காலம் கழித்துத் திரும்பி வந்து மீண்டும் பேனா பிடித்தார். 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984இல் சாகித்ய அக்காதெமி விருது கிடைத்தது. குடும்பக் கதை, பெண்கள் கதை என்று ஒதுக்கப்பட்ட எழுத்துக்குக் கிடைத்த அந்த விருது, அவரை இரவல் வாங்கி வாசித்த ஒவ்வொரு பெண்ணுக்கும் கிடைத்த விருது என்றே நான் நினைக்கிறேன்.

இரவல் என்றதும் ஓர் அதிசயம் ஞாபகம் வருகிறது. பிரித்தானியாவில் பொது நூலகத்திலிருந்து உங்கள் புத்தகத்தை ஒருவர் இரவல் எடுத்தால் அரசாங்கம் எழுத்தாளருக்குக் காசு கொடுக்கிறது! 1979இல் அதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள். காசு கொடுக்க வேண்டுமென்றால் எண்ண வேண்டும் அல்லவா? எண்ணிப் பார்த்தபோது வருடக்கணக்காகத் தொடர்ந்து முதலிடத்தில் நின்றவர் கத்தரின் குக்சன். ஏழைத் தொழிலாளர் ஊரில் பிறந்து, அந்த ஊர் மனிதர்களின் காதலையும் கண்ணீரையும் எழுதிய பெண். வாக்கெடுப்பு வைக்காமலே வாசகர்கள் தங்கள் எழுத்தாளரைத் தெரிவு செய்துவிட்டார்கள். அப்படி ஒரு சட்டம் நம் நாட்டில் இருந்து, வவுனியா நூலகத்திலும் கரைச்சி, கரைத்துறைப்பற்றுப் பிரதேச சபைகளின் நூலகங்களிலும், ஊர் வாசிகசாலைகளிலும் திகதி முத்திரைகளை எண்ணினால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

ஆனால் உண்மையான அதிசயம் இனிமேல்தான் இருக்கிறது. ஈழத்தில் மிக அதிகம் நேசிக்கப்பட்ட காதல் நாவல்களில் ஒன்று வன்னிக் காட்டுக்குள்ளேயே பிறந்தது, தெரியுமா?

1970இல் வந்த அரசாங்கம் இந்தியச் சஞ்சிகைகளையும் புத்தகங்களையும் இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு போட்டது. மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்த தமிழ்நாட்டுக் கதைகளின் வரத்து சுருங்கியது. வாசகர்கள் பசியோடு இருந்தார்கள். அந்த நேரத்தில், 1930 முதல் வந்துகொண்டிருந்த வீரகேசரிப் பத்திரிகை நிறுவனம் நாவல்களை மலிவு விலையில் அடித்துத் தள்ளத் தொடங்கியது. ஈழத்து எழுத்தாளர், ஈழத்து ஊர், ஈழத்துப் பேச்சு! வீரகேசரி பிரசுரம் என்ற அந்த வரிசையில் 1973இல் வெளியானது அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'.

பாலமனோகரன் முல்லைத்தீவு தண்ணீரூற்றுக்காரர். கதை நடக்கும் இடம் தண்ணிமுறிப்பு. குருந்தூர் மலைக்குப் பக்கத்தில், பெரிய குளமும் அடர்ந்த காடுமாக இருந்த சின்னஞ்சிறு குடியிருப்பு. நாயகன் கதிராமன் காட்டை உள்ளங்கை ரேகைபோல அறிந்த இளைஞன். நாயகி பதஞ்சலி வெளியுலகம் தெரியாத வெள்ளை மனசுக்காரி. அவர்களின் உலகத்துக்குள் வந்து சேரும் பள்ளிக்கூட வாத்தியார் சுந்தரலிங்கம். மூன்று பேர், ஒரு குளம், ஒரு காடு. இவ்வளவுதான். இதற்குள் வேட்டை இருக்கிறது, தேன் எடுப்பு இருக்கிறது, கமம் இருக்கிறது, வெள்ளம் இருக்கிறது. பட்டணத்துக் காதல் கதைகளில் நாயகன் கார் கதவைத் திறந்து விடுவான். கதிராமன் காடு வெட்டுகிறான்! நாயகியின் கன்னம் சிவப்பதை எழுத ரோஜாப்பூவைத் தேடிப் போகாமல், தன் ஊர்க் காட்டில் தாழப் பறக்கும் நிலக்கிளி என்ற சின்னப் பறவையைத் தேடிப் போனார் பாலமனோகரன். அந்தத் துணிச்சல் ஒன்றுக்காகவே அவர் என் பட்டியலில் முதலாவது ஆள்.

இலங்கை சாகித்திய மண்டலப் பரிசும் 'நிலக்கிளி'க்குக் கிடைத்தது. ஆனால் தண்ணிமுறிப்புக்கு என்ன நடந்தது, தெரியுமா? 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், நாயாறு என்று அந்தப் பக்கத்துத் தமிழ்க் கிராமங்கள் வெளியேற்றப்பட்டபோது தண்ணிமுறிப்பு மக்களும் வெளியேற்றப்பட்டார்கள். நாவல் வந்து 11 வருடம்தான்! அதில் வரும் வளவுகளும் வரம்புகளும் ஆளற்றுப் போயின. பாலமனோகரனும் கடல் கடந்து டென்மார்க் போனார். 1973க்கு முந்திய அந்த ஊரின் காலைகளையும் மாலைகளையும், அங்கிருந்தவர்கள் எப்படிச் சமைத்தார்கள், எப்படிச் சண்டை பிடித்தார்கள், எப்படிக் காதலித்தார்கள் என்பதையும் அறிய ஆசைப்படுகிற ஒரு பேரப்பிள்ளைக்கு இன்று கிடைக்கக்கூடிய மிக நெருக்கமான பதிவு ஒரு காதல் நாவல். காணி உறுதியும் வரைபடமும் சொல்லாததை ஒரு காதல் கதை வைத்திருக்கிறது! காதல் நாவல் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு இதைவிடப் பதில் வேறு வேண்டுமா?

அதே 1973இல் அதே வீரகேசரி வரிசையில் இன்னொரு காதல் நாவலும் கொடி கட்டிப் பறந்தது. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'. கதை நெடுந்தீவுக் கடற்கரையில் நடக்கிறது. 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் இயக்கத்தில் அது திரைப்படமாகவும் வந்தது. ஈழத்துத் தமிழ் நாவல் ஒன்று ஈழத்துத் திரையில்! செங்கை ஆழியான் என்ற க. குணராசா பகலில் என்ன வேலை பார்த்தார், தெரியுமா? அரச நிருவாக அதிகாரி. செட்டிகுளம், துணுக்காய், கிளிநொச்சி என்று வன்னி முழுக்கக் கடமை பார்த்தவர். கந்தோரில் காணிப் பிணக்கும் குளத்துத் தண்ணீர் முறைப்பாடும் கேட்ட காதுதான் ஊராரின் கதைகளையும் கேட்டது. அதிலிருந்து 'காட்டாறு' வந்தது. 'யானை' வந்தது. 'யானை' நாவலில் காதலியைக் காட்டு யானையிடம் பறிகொடுத்தவன் அந்த யானையைத் தேடிக் காட்டுக்குள் போகிறான். காதல் கதைக்கு வில்லன் ஒரு கொம்பன் யானை! இந்தக் கற்பனை கொழும்பில் இருந்து எழுதுகிறவருக்கு வருமா? இன்றைக்கும் யானை வேலிக்குள் வாழும் எங்கள் சனத்துக்கு அது கற்பனையாகவும் தெரியாது.

வீரகேசரி வரிசையில் பெண்களும் வந்தார்கள். திருகோணமலை ந. பாலேஸ்வரியின் 'பூஜைக்கு வந்த மலர்' அந்தக் காலத்துப் பெண்கள் மடியில் வைத்துக் கண் கலங்கிய நாவல். ஈழத்தில் மிக அதிகம் நாவல் எழுதிய பெண்களுள் பாலேஸ்வரிக்குத் தனி இடம் இருக்கிறது. திருகோணமலைக்கு இதில் பழைய உரிமையும் உண்டு. 1895இலேயே அந்த ஊரில் பிறந்த தி. சரவணமுத்துப்பிள்ளை 'மோகனாங்கி' என்ற நாவலைச் சென்னையில் வெளியிட்டுவிட்டார். சொக்கநாத நாயக்கருக்கும் மோகனாங்கிக்கும் நடுவிலான காதல்தான் அதன் உயிர். தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று ஆய்வாளர்கள் சொல்வது அதைத்தான். கல்கிக்கு எவ்வளவோ முன்னால்!

இப்போது பரந்தனுக்கு வாருங்கள். பரந்தன் குமரபுரத்தில் வயல் சூழ்ந்த வீட்டில் இருந்து எழுதியவர் தாமரைச்செல்வி. 1977இல் அவருடைய 'சுமைகள்' வீரகேசரி பிரசுரமாக வந்தபோது அவருக்கு வயது 25கூட ஆகவில்லை! அதற்குப் பிறகு 'தாகம்', 'வேள்வித் தீ', 'பச்சை வயல் கனவு' என்று நாவல்கள் தொடர்ந்தன. சிறுகதைகள் நூற்றுக்கு மேல். இவரைக் காதல் நாவலாசிரியர் என்று மட்டும் சொன்னால் தப்பு. ஆனால் இவருடைய கதைகளில் காதல் எங்கே வருகிறது என்று பாருங்கள். சூடு மிதிக்கும் களத்தில், வாய்க்கால் கட்டில், இடம்பெயர்ந்து போகும் உழவு மெஷின் பெட்டிக்குள். காதலிக்கிற பெண்ணுக்கு நாற்று நடுகிற வேலையும் இருக்கிறது, தம்பி தங்கச்சியைப் பார்க்கிற பொறுப்பும் இருக்கிறது. 'பச்சை வயல் கனவு' காடு வெட்டிக் கிளிநொச்சியைக் கழனியாக்கிய தலைமுறைகளின் கதை. கிளிநொச்சியில் கமம் செய்யும் குடும்பம் ஒன்று தன்னைத் தானே வாசிக்க ஆசைப்பட்டால் கையில் எடுக்க வேண்டிய புத்தகம் அது. இடப்பெயர்வுகளுக்குள்ளும் எழுதுவதை விடாமல் இருந்தாரே, அதை நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

நாவல் வருவதற்கு முன்னால் வன்னிக்குக் காதல் கதை இல்லையா? யார் சொன்னது! வன்னி மன்னன் பண்டாரவன்னியன் 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையை வெள்ளையரிடமிருந்து பிடித்ததும், அதே வருடம் ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றதும் சரித்திரம். கற்சிலைமடுவில் நட்ட கல்லில் அந்தத் திகதி பொறித்திருக்கிறது. ஆனால் ஊரார் வாயில் உயிரோடு இருப்பது குருவிச்சை நாச்சியின் கதை. பண்டாரவன்னியனை நேசித்தவள். அவன் வீழ்ந்த செய்தி கேட்டு நஞ்சான கார்த்திகைக் கிழங்கைத் தின்று உயிரை விட்டவள் என்று சொல்வார்கள். கல்லில் அவள் பெயர் இல்லை. கதையில் இருக்கிறது! முள்ளியவளைக்காரரான முல்லைமணி வே. சுப்பிரமணியம் 'பண்டாரவன்னியன்' நாடகத்தை எழுதி அந்த வன்னி மன்னனை மேடைக்குக் கொண்டுவந்தார். பாடசாலை மேடைகளில் வன்னிப் பிள்ளைகள் அட்டைக் கிரீடம் வைத்து நடித்த மன்னன் அவன்தான்.

முள்ளியவளை என்றதும் கோவலன் கூத்தை விட்டுவிட்டுப் போக முடியுமா? வன்னி மண் தலைமுறை தலைமுறையாக விடிய விடிய இருந்து பார்த்த தம்பதி கோவலனும் கண்ணகியும்தான். வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிப் பொங்கலுக்கு வன்னி முழுவதும் திரள்கிறது. கடல்நீரில் விளக்கெரிகிறது என்று அடியார்கள் கும்பிடுகிறார்கள். புருஷனுக்காக மதுரையையே எரித்தவளுக்கு இந்த மண் தாய் என்ற இடத்தைக் கொடுத்திருக்கிறது. வாசகர் தெரிவு, பார்வையாளர் தெரிவு என்று எந்தப் பெயர் வைத்தாலும் கண்ணகி கதையை வெல்ல வன்னியில் ஆள் இல்லை!

கொஞ்சம் உலகத்தையும் எட்டிப் பார்த்துவிடுவோம். ஆங்கிலக் காதல் நாவல் என்றால் எல்லோரும் சொல்லும் மில்ஸ் அண்ட் பூன் 1908இல் லண்டனில் தொடங்கியபோது காதலுக்கென்று தொடங்கப்படவே இல்லை, தெரியுமா? எல்லாவிதப் புத்தகமும் போட்டார்கள், ஜாக் லண்டனைக்கூடப் போட்டார்கள். வாசகிகள்தான் இரவல் நூலகங்களில் காதல் கதைகளைத் திரும்பத் திரும்பக் கேட்டு அந்த நிறுவனத்தைக் காதல் பக்கம் திருப்பினார்கள். பார்பரா கார்ட்லன்ட் 1976 என்ற ஒரே வருடத்தில் 23 நாவல் எழுதி கின்னஸ் புத்தகத்தில் ஏறினார். வாழ்நாளில் 700க்கும் மேல்! சோபாவில் சாய்ந்து கிடந்தபடி அவர் சொல்லச் சொல்ல, செயலாளர் எழுதிக்கொண்டே போவார்.

சரி, இன்றைய பிள்ளைகள் யாரை வாசிக்கிறார்கள்? 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பரில் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. அதில் ஏறும் பிள்ளையின் கையில் இன்று புத்தகத்துக்குப் பதிலாகப் போன் இருக்கிறது என்று கவலைப்படுகிறோம். எட்டிப் பாருங்கள், அந்தப் போனுக்குள்ளேயும் காதல் நாவல்தான் ஓடிக்கொண்டிருக்கும்! 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபியில் தமிழ்த் தொடர்கதைகள் அத்தியாயம் அத்தியாயமாக வருகின்றன. அங்கே வாசகி அடுத்த அத்தியாயம் எப்போது என்று எழுத்தாளரையே பிடித்துக் கேட்கிறாள். ஈழத்து வேர் கொண்ட ரோசி கஜன், நிதனிபிரபு போன்ற பெண்கள் இணையத்தில் எழுதும் நாவல்களில் நாயகியும் நாயகனும் எங்கள் பேச்சிலேயே கோபிக்கிறார்கள், எங்கள் பேச்சிலேயே கொஞ்சுகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னால் வீரகேசரி பிரசுரம் கொடுத்த அதே சந்தோஷம்! தமிழ்நாட்டு நாயகன் "வாடி" என்று கூப்பிடுவதை வாசித்து வளர்ந்தவளுக்கு, "இஞ்ச வாருமன்" என்று ஒருவன் கூப்பிடும்போது நெஞ்சு எப்படித் துள்ளும்!

இழந்தவையும் கொஞ்சமல்ல. 2008, 2009இல் சனம் கிளிநொச்சியை விட்டுக் கிழக்கே நடந்தபோது வீட்டு அலுமாரிகளில் இருந்த புத்தகங்கள் அப்படியே கிடந்தன. உயிரைக் கொண்டு ஓடுவதே பெரும்பாடாக இருந்த நாட்களில் புத்தகத்தை யார் சுமப்பது? அட்டை கிழிந்து, ஊசிநூலால் தைத்து, ஊர் முழுக்கக் கைமாறிய ராணிமுத்து, மாலைமதி நாவல் இதழ்களும் வீரகேசரி நாவல்களும் தறப்பாள் கொட்டில்களுக்கு வந்து சேரவில்லை.

அப்படியானால் அந்தப் புத்தகங்கள் போயே போய்விட்டனவா? இல்லை! 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கான் பண்ணி இலவசமாக வைத்திருக்கிறார்கள். 'நிலக்கிளி' அங்கே இருக்கிறது. காசு இல்லை, அனுமதி இல்லை, இரவல் கெடுவும் இல்லை. மாங்குளத்தில் இருந்தாலும் கனடாவின் மார்க்கத்தில் இருந்தாலும் இன்றிரவே வாசிக்கலாம்.

ஆகவே வாசகரே, உங்களுக்கு ஒரு வேலை. ஒரு கடுதாசி எடுங்கள். உங்களுக்குப் பிடித்த காதல் கதைக்காரர் ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள். ரமணிசந்திரன் இருக்கட்டும், லக்ஷ்மி இருக்கட்டும், பாலகுமாரன் இருக்கட்டும். ஐந்தில் ஒன்றாவது வன்னி மண்ணை எழுதியவருடையதாக இருக்கட்டும். அந்தக் கடுதாசியை உங்கள் ஊர் நூலகப் பொறுப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, இந்தப் புத்தகங்கள் எங்கள் இறாக்கையில் வேண்டும் என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் அடுத்த முறை ஊருக்கு வரும்போது சொக்லேற் பெட்டியோடு ஒரு நாவலையும் கொண்டுவந்து வாசிகசாலையில் கொடுங்கள். வீட்டில் அம்மாவோ அம்மம்மாவோ இருந்தால் முதலில் அவரிடம் கேட்டு அவர் சொல்லும் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்கு அந்தப் பெயர் இன்னும் தெரியாது.